பின் பொருந்தினால் மட்டும் சரியான கேபிள் ஆகிவிடாது

எங்கள் கம்ப்யூட்டர் கடைக்குப் புதிதாக வேலைக்கு வரும் தம்பிகள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் தவறு செய்கிறார்கள். நானும் அந்த வழியாக வந்தவன் என்பதால் அடுத்து எங்கே போய் முட்டுவார்கள் என்று முன்பே தெரிந்துவிடுகிறது. யுஎஸ்பியைத் தலைகீழாகத் திணிப்பது, வயரைப் பிடித்து இழுப்பது, எஜெக்ட் கொடுக்காமல் பென் டிரைவைப் பிடுங்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு தடவை பட்டால் புரிந்துவிடும். பட்டாலும் புரியாதவை சில இருக்கின்றன.

டைப்-சி என்றால் எல்லாம் ஒன்று என்று நினைப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர் ஒருவர் நல்ல விலைக்கு எஸ்எஸ்டி என்ற வேகமான டிரைவ் வாங்கிப் போனார். மறுநாளே கோபமாகத் திரும்பி வந்தார். "என்னண்ணே, என் பழைய ஹார்டு டிஸ்க்கே இதைவிடத் தேவலை." கடைப் பையன் டிரைவ் பழுது என்று முடிவுகட்டி, வாரண்டிக்கு அனுப்பப் பெட்டியைத் தேட ஆரம்பித்துவிட்டான். டிரைவில் ஒரு குறையும் இல்லை. கூட வந்த கேபிள் ஒரு சாண் நீளம்தான் என்று அதை வீட்டில் போட்டுவிட்டு, போன் சார்ஜர் கேபிளால் மாட்டியிருக்கிறார்.

டைப்-சி என்பது பின்னின் வடிவம் மட்டுமே. அந்தப் பின்னுக்குள் 24 முனைகள் உண்டு. ஆனால் சார்ஜர் கேபிள்களில் பெரும்பாலானவற்றில் அதிவேக டேட்டாவுக்கான வயர்களே இருக்காது. மின்சாரமும் பழைய யுஎஸ்பி 2-க்கான ஒரு ஜோடி டேட்டா வயரும்தான். அது மோசடியும் இல்லை, யுஎஸ்பி விதியே அனுமதிக்கிறது. வயர் குறைந்தால் கேபிள் மலிவாகும், நன்றாக வளையும், நீளமாகவும் செய்யலாம். வெளியே எட்டுவழிச் சாலைக்கான சுங்கச்சாவடி, உள்ளே போனால் ஒற்றையடிப் பாதை.

யுஎஸ்பி 2-ன் வேகம் நொடிக்கு 480 மெகாபிட். எட்டு மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு எம்பி; நடைமுறையில் நொடிக்கு 35, 40 எம்பி கிடைத்தால் அதிகம். 400 ஜிபி வீடியோவை ஏற்ற மூன்று மணி நேரம் ஆகும். அதே டிரைவ், அதே லேப்டாப், 10 கிகாபிட் (அதாவது 10,000 மெகாபிட்) கேபிள் என்றால் பத்துப் பதினைந்து நிமிட வேலை. பெரிய கம்பெனிகளும் இந்தக் குழப்பத்தை வளர்க்கின்றன. 2023-ல் வந்த ஐபோன் 15 ப்ரோ 10 கிகாபிட் வேகத்துக்குத் தயாரான போன். அதன் பெட்டிக்குள் இருந்தது யுஎஸ்பி 2 கேபிள்!

வாட் கணக்கைப் பார்த்து ஏமாறுவது இதோடு ஒட்டிப் பிறந்தது. சாதாரண டைப்-சி கேபிள் 60 வாட் வரை தாங்கும். அதற்கு மேல் போக 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். அதற்குள் ஒரு சின்ன சிப் இருக்கும். உறையில் 240 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள், டேட்டா வேகம் மட்டும் அதே 480 மெகாபிட்டாக இருக்கும். தடிமனாக, துணி சுற்றி, அழகாக இருந்தாலும் கதை அதுதான். வேகத்தை உறையில் எங்கேயும் போடவில்லை என்றால் யுஎஸ்பி 2 என்றே வைத்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 ஆகிய மூன்று பெயரும் ஒரே 5 கிகாபிட்டுக்குத்தான். அதனால் பெயரை விட்டுவிட்டு எத்தனை கிகாபிட் என்று மட்டும் கேளுங்கள்.

போர்ட் பக்கமும் இதே சிக்கல். லேப்டாப்பில் இரண்டு டைப்-சி இருக்கும். ஒன்றில் மானிட்டருக்குப் படம் போகும், பக்கத்தில் இருப்பதில் போகாது. மானிட்டர் கேபிள் வாங்கும் முன் அந்த மாடலின் விவரக்குறிப்பில் டிஸ்ப்ளேபோர்ட் வசதி, அதாவது படம் அனுப்பும் வசதி, எந்தப் போர்ட்டில் என்று பாருங்கள்.

மட்டமான கேபிள் மெதுவாக ஓடுவதோடு நின்றால் பரவாயில்லை. 2016-ல் கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் சோதித்த ஒரு கேபிளில் உள்ளே வயர்கள் மாறி இணைந்திருந்தன. அதை மாட்டியதில் அவருடைய குரோம்புக் பிக்சல் லேப்டாப் பழுதாகிவிட்டது. எங்கள் கடையில் டேட்டா கேபிள் எல்லாவற்றிலும் வேகத்தை எழுதி டேப் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

கன்வெர்ட்டரைத் திருப்பி மாட்டுவது

ஹெச்டிஎம்ஐ-யிலிருந்து (புது டிவிகளின் டிஜிட்டல் இணைப்பு) விஜிஏ-வுக்கு (பழைய மானிட்டர்களின் அனலாக் இணைப்பு) மாற்றும் கன்வெர்ட்டர் அந்தத் திசையில் மட்டுமே வேலை செய்யும். டிஜிட்டலை அனலாக் ஆக்கும் சிப் அதற்குள் இருக்கிறது. எதிர்ப்பக்கம் ஓடச் சொன்னால் ஓடாது. பழைய விஜிஏ கம்ப்யூட்டரைப் புது டிவியில் பார்க்க வேண்டுமென்றால் அதற்கென்று வேறு கன்வெர்ட்டர் வாங்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் தனியாக யுஎஸ்பி பவர் தேவைப்படும். விஜிஏ-வில் ஒலி கிடையாது என்பதால் ஆடியோ வயரும் தனியாக இழுக்க வேண்டும். டிஸ்ப்ளேபோர்ட்–ஹெச்டிஎம்ஐ கேபிளும் பொதுவாக இப்படித்தான்: கம்ப்யூட்டர் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட், டிவி பக்கம் ஹெச்டிஎம்ஐ.

கிராபிக்ஸ் கார்டு போட்டும் கேம் திணறுகிறது

மானிட்டர் கேபிள் இன்னும் மதர்போர்டின் போர்ட்டிலேயே இருக்கும், அதனால் புதுக் கார்டுக்கு வேலையே இல்லை. கழற்றிக் கார்டில் மாட்டுங்கள்.

மவுஸ் டாங்கிளை ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகுவது

வயர்லெஸ் மவுஸ் தத்தளிக்கிறது, பேட்டரி மாற்றியும் சரியாகவில்லை என்று வந்தால் நான் முதலில் பார்ப்பது பக்கத்துப் போர்ட்டைத்தான். யுஎஸ்பி 3 சாதனங்களும் அவற்றின் கேபிளும் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும். மவுஸோடு வரும் சின்ன யுஎஸ்பி ரிசீவரான டாங்கிள் பேசுவதும் அதே அலைவரிசையில். இன்டெல் 2012-லேயே இதை அறிக்கையாக வெளியிட்டது. ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு டாங்கிளைத் தள்ளி வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இதற்காகப் புது மவுஸ் வாங்கினவர்கள் உண்டு, அதுவும் இரண்டு முறை.

யுஎஸ்பி 3-ஐ மெதுவாகச் செருகுவது

பழைய யுஎஸ்பி 2 முனைகள் முதலில் தொட்டு, டிரைவ் அந்த வேகத்திலேயே நின்றுவிடலாம். ஒரே மூச்சில் முழுதாகச் செருகுங்கள்.

மீட்டிங்கில் குரல் கரகரத்தால் ப்ளூடூத் ஹெட்செட்டைத் திட்டுவது

பாட்டு அருமையாகக் கேட்கும். மைக் ஆன் ஆனதும் பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடும். வழக்கமான ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு மோட், இருவழிப் பேச்சுக்கு இன்னொரு மோட். பேச்சுக்கு மாறினால் ஒலித்தரம் இறங்கும். செட்டிங்கில் மைக்கை மட்டும் லேப்டாப் மைக்குக்கு மாற்றிவிட்டால், காதில் விழும் ஒலி பழையபடி ஆகிவிடும்.