மடித்த பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்

பள்ளி நூலகத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் வந்து கேட்கிற ஆங்கில நாவல் ஒன்று உண்டு. ஜே ஆஷர் எழுதி 2007-இல் வந்த 'தர்ட்டீன் ரீசன்ஸ் ஒய்'. 2017-இல் நெட்ஃபிளிக்ஸ் தொடரானதிலிருந்து கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். உங்கள் பிள்ளை கையில் அதைப் பார்த்தால் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் படிப்பார்கள், அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து படிக்கலாம்.

முதலில் நீங்கள் முழுசாகப் படித்துவிடுங்கள். பின்னட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் பேசப் போனால் பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும். கதை இதுதான்: ஹன்னா என்ற மாணவி உயிரை மாய்த்துக்கொண்டாள். அதற்கு யார் யார் காரணம் என்று அவள் பேசிப் பதிந்த ஏழு கேசட்டுகள் கிளே என்ற பையன் வீட்டுக்கு வந்து சேர்கின்றன. தொடரைப் பார்ப்பதானால் கூடவே இருங்கள். அவள் இறப்பதைக் காட்டிய காட்சியை 2019-இல் நெட்ஃபிளிக்ஸே நீக்கியது.

கேசட்டுகளைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். செத்த பிறகும் ஹன்னாவின் குரலை எல்லோரும் கேட்கிறார்கள், பதறுகிறார்கள். மனசு நொந்த பிள்ளைக்கு இந்த இடம் இனிக்கும். 'நான் போனால்தான் என் அருமை தெரியும்' என்ற நினைப்பு நம் வீடுகளிலும் கோபத்தில் வாய்விட்டுச் சொல்கிறதுதானே. "கிளே அழுததை ஹன்னா பார்த்தாளா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நான் காத்திருப்பேன். பதில் வர நேரமாகும், ஆகட்டும். இன்னொன்றும் சொல்வேன். பதின்மூன்று காரணங்களை வரிசையாக அடுக்குவது கதைக்குச் சரி. நிஜத்தில் பல விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்து அழுத்தும், அதில் வைத்தியம் பார்த்தால் சரியாகக்கூடிய மனச்சோர்வும் இருக்கலாம்.

அதைவிட முக்கியமானது கடைசியில் வரும் போர்ட்டர். ஆங்கில ஆசிரியர், ஆலோசகர் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறார். ஹன்னா அவரிடம் போய்ப் பேசுகிறாள். நடந்ததைத் தாண்டிப் போகச் சொல்கிற மாதிரி அவர் பேச, அவள் எழுந்து போய்விடுகிறாள். அவர் அவள் பின்னாலேயே போகவில்லை. பெரியவர்களிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று படிக்கிற பிள்ளை முடிவுகட்டுவது இங்கேதான். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அந்த சார் என்ன செய்திருக்கணும்?" என்று கேளுங்கள்.

ஒருமுறை இந்தப் பக்கத்தின் மூலை மடிந்தபடியே புத்தகம் திரும்பி வந்தது. மற்ற பக்கங்களில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கொண்டுவந்த பெண் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். மடிப்பை நிமிர்த்தாமல் அவள் முன்னால் வைத்து அதே கேள்வியைக் கேட்டேன். "கதவு வரைக்கும் வந்திருக்கலாம் மிஸ்" என்றாள். அந்தக் குரல் எனக்குச் சரியாகப் படவில்லை. "சாகணும்னு உனக்குத் தோணியிருக்கா கண்ணு?" என்றேன். ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

நேராகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத நினைப்பு வந்துவிடாது. ஆமாம் என்றால் திட்டாதீர்கள், "உனக்கு என்ன குறை?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அன்று அவளைத் தனியாக விடவில்லை. அவளிடம் சொல்லிவிட்டுத்தான் அவள் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா வரும் வரை சேர்ந்து உட்கார்ந்து பழைய சிறுவர் இதழ்களை அடுக்கினோம். அம்மா வந்ததும் மூன்று பேருமாக 14416-க்குப் பேசினோம். டெலி மனஸ், அரசின் இலவச மனநல உதவி எண். எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள். மறுநாளே டாக்டரையும் பார்த்தார்கள். ஆபத்து கண்முன் தெரிந்தால் போன் பேசிக்கொண்டிருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

அந்தப் பிரதி இன்னும் எங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. உள்ளட்டையில் 14416 என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பிரதியிலும் எழுதி வையுங்கள்.