ரோமானியச் சாலையைப் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

இங்கிலாந்தில் ரோமானியச் சாலையைப் பார்க்கப் போகிறவர்கள் கல் பாவிய பாதையைத்தான் தேடுகிறார்கள். டார்செட் பக்கம் ஆக்லிங் டைக் என்ற ரோமானியச் சாலையில் போய் நின்றால் கண்ணில் படுவது புல் மூடிய நீண்ட மண்மேடு. இவ்வளவுதானா என்று திரும்பிவிடாதீர்கள். அந்த மேடுதான் சாலை. மண்ணும் சரளையும் கொட்டி உயர்த்திய கரை அது. பக்கவாட்டுப் பள்ளங்களும் அதைச் சேர்ந்தவையே.

அதே சாலையில் ஓக்லி டவுன் என்ற இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வெண்கலக் காலத்து வட்டப் புதைமேடு ஒன்றின் விளிம்பை வெட்டிக்கொண்டு சாலை நேரே போகிறது. சாலை போட்டவர்கள் ஓரடிகூட ஒதுங்கவில்லை. எது முந்தியது என்று அந்த இடமே சொல்லிவிடுகிறது. வெயில் சாய்ந்த நேரத்தில் போனால் மேடு பள்ளம் நன்றாகத் தெரியும்.

பெரிய தவறு, மெட்டல் டிடெக்டரோடு போவது. நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டேன், அப்புறம் என்ன என்பார்கள். அது போதாது. பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்ட இடத்தில் தொல்சின்னங்களைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் டிடெக்டரைப் பயன்படுத்துவது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஒரு நாணயம் எந்த அடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அந்த அடுக்கு எப்போது போடப்பட்டது என்று கணிக்க முடியும். தோண்டி எடுத்துவிட்டால் நாணயம் கையில் இருக்கும், அந்தச் சேதி போய்விடும். ஞாபகத்துக்கு ஒரு கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வதும் வேண்டாம்.

நேராகப் போகிற சாலையெல்லாம் ரோமானியருடையது என்று நம்புவதும் சரியல்ல. யார்க்‌ஷயரில் வீல்டேல் மேட்டுநிலத்தில் உள்ள கல்பாதையை நெடுங்காலம் ரோமானியச் சாலை என்றே சொல்லிவந்தார்கள். அது சாலைதானா என்பதிலேயே இன்று ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. வட இங்கிலாந்தில் உள்ள பிளாக்ஸ்டோன் எட்ஜ் என்ற கல்பாதையும் ரோமானியருடையதா, பிற்காலத்ததா என்பது இன்னும் தீராத விவாதம்.

பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் யாரும் உள்ளே போகலாம் என்று அர்த்தமில்லை. பல இடங்கள் தனியார் வயல்கள். பொது நடைபாதை எது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு அதிலேயே நடங்கள்.

மழை பெய்த மறுநாள் பைக்கையோ ஜீப்பையோ அந்தக் கரைமேல் ஏற்றாதீர்கள். ஈரமண்ணில் சக்கரத்தடம் ஆழமாகப் பதியும். அடுத்த மழையில் தண்ணீர் அதன் வழியே ஓடி, கரையை அரித்துக்கொண்டு போகும்.