எந்தக் காகிதத்தில் இருக்கிறது அந்தக் கோடி? அரசுச் செலவைப் பின்தொடர்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழைக்கு முன்னால் வேளச்சேரியில் எங்கள் குடியிருப்போர் சங்கம் கூடும்போதெல்லாம் யாராவது ஒருவர் கைபேசியை உயர்த்திக் காட்டுவார். வாட்ஸ்அப்பில் வந்த படம். "நம்ம ஏரியா வடிகாலுக்கு இத்தனை கோடி ஒதுக்கியாச்சு. காசு எங்க போச்சு?" கோபம் நியாயமானதுதான். ஒருமுறை மூன்றாவது மாடியில் இருக்கும் பெரியவர், கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அந்தக் கைபேசியை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, இது எந்தக் காகிதத்துல இருக்கு?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. எனக்கும்தான். அன்றிலிருந்து எந்தத் தொகையைக் கேட்டாலும் அந்தக் கேள்விதான் எனக்கு முதலில் வருகிறது. அரசு செலவழிக்கும் ஒரே ரூபாய் பல காகிதங்களில் வந்து போகும். பேரவையில் படிக்கும் அறிவிப்பில் ஒருமுறை, பட்ஜெட் மதிப்பீட்டில் ஒருமுறை, அரசாணையில் ஒருமுறை, கருவூலம் பாஸ் செய்யும் பில்லில் ஒருமுறை, கடைசியில் தணிக்கையில் ஒருமுறை. ஒவ்வொன்றிலும் தொகை மாறும், அதன் பொருளும் மாறும். ஒரு காகிதத்தில் படித்ததை இன்னொரு காகிதத்தின் பொருளில் எடுத்துக்கொள்வதால்தான் நம் கேள்விகளில் பாதி வீணாகப் போகின்றன.

அறிவிப்பைச் செலவு என்று எண்ணுவது

தமிழ்நாட்டில் இந்தத் தவறுக்கு நிரந்தர இடம் விதி 110. சட்டப்பேரவை விதிகளில் 110இன் கீழ் முதலமைச்சரோ அமைச்சரோ பொது முக்கியத்துவம் வாய்ந்த ஒன்றைப் பற்றி அறிக்கை படிக்கலாம். அந்த நேரத்தில் அதன்மீது விவாதம் கிடையாது. மறுநாள் நாளிதழில் கொட்டை எழுத்தில் கோடிகள் வரும். அந்தத் தொகை அப்போது வெறும் எண்ணம்தான். அதற்குப் பிறகு நிர்வாக ஒப்புதல் தரும் அரசாணை வர வேண்டும், நிதி விடுவிக்க வேண்டும், ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும், வேலை நடக்க வேண்டும், பில் பாஸாக வேண்டும். அரசாணை வந்துவிட்டாலே பணம் வந்துவிட்டதாகவும் கொள்ளக் கூடாது. ஒப்புதல் ஆணையும் நிதி விடுவிப்பு ஆணையும் பெரும்பாலும் தனித்தனியாக வரும், நடுவில் மாதங்கள் ஓடும். 'எத்தனை கோடி அறிவித்தார்கள்' என்று கேட்டால் பெருமையான பதில் வரும். 'எந்த அரசாணை எண், எந்தத் தேதி' என்று கேட்டால்தான் கோப்பைத் திறக்க வேண்டியிருக்கும்.

பட்ஜெட் புத்தகத்திலும் இதே சிக்கல். ஒரு திட்டத்துக்கு நேராகப் பொதுவாக நான்கு நெடுவரிசைகள் இருக்கும்: முந்தைய ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் கணக்கு, முடியப்போகும் ஆண்டின் வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, அதே ஆண்டின் திருத்த மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. உண்மையில் செலவானது முதல் நெடுவரிசை மட்டும். மற்ற மூன்றும் திட்டமிடல். செய்திகளில் பேசப்படுவது எப்போதும் நான்காவது. முதல் நெடுவரிசையை எடுத்து, அதே ஆண்டுக்கு இரண்டு வருடம் முன்பு என்ன மதிப்பீடு போட்டார்கள் என்று பழைய புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு துறை சொன்னதற்கும் செய்ததற்கும் உள்ள தூரம் அங்கே தெரியும்.

பக்கத்தின் மேல் மூலையைப் பார்க்காமல் படிப்பது இன்னொரு தவறு. 'ரூபாய் ஆயிரத்தில்' என்றோ, 'இலட்சத்தில்' என்றோ, 'கோடியில்' என்றோ அங்கே சிறிய எழுத்தில் இருக்கும். ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குப் பேரவையிடம் பணம் கேட்பதுதான் மானியக் கோரிக்கை. நம் மாநிலத்தின் விரிவான மானியக் கோரிக்கைப் புத்தகங்களில் தொகைகள் ஆயிரத்தில் இருக்கும். அதில் ஒரு திட்டத்துக்கு நேராக வெறும் 1 என்று இருந்தால் அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். அது 1,000 ரூபாய், டோக்கன் தொகை. அந்தத் தலைப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள், பணம் இன்னும் அங்கே வரவில்லை என்று பொருள். ஊரெல்லாம் பேசிய ஒரு திட்டத்தைத் தேடிப்போய் இந்த ஒற்றை 1ஐப் பார்க்கும்போது மனசுக்குள் ஏதோ இறங்கும்.

கணக்குத் தலைப்பு என்பது செலவின் வகைக்குத் தரும் எண். அதன் முதல் இலக்கம் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும். 2இல் தொடங்கினால் வருவாய்ச் செலவு: சம்பளம், மானியம், பராமரிப்பு. 4இல் தொடங்கினால் மூலதனச் செலவு: கட்டடம், பாலம், பெரிய கருவிகள். 6இல் தொடங்கினால் பெரும்பாலும் அரசு கொடுத்த கடன். 2210 என்றால் மருத்துவத்துறையின் அன்றாடச் செலவு, 4210 என்றால் அதே துறைக்குக் கட்டும் கட்டடங்கள். 'மருத்துவத்துக்கு இவ்வளவு கோடி' என்ற ஒரே தொகைக்குள் இந்த இரண்டும் கலந்து கிடக்கின்றன.

'சேமிப்பு' என்ற சொல்லை நம்புவது

பேரவை ஒதுக்கியதையும் துறை செலவழித்ததையும் ஒப்பிட்டுக் காட்டும் ஒதுக்கீட்டுக் கணக்குகளில் 'சேமிப்பு' என்றொரு சொல் வரும். வீட்டில் சேமிப்பு நல்ல சொல். அங்கே அதன் பொருள், பேரவை வாக்களித்துக் கொடுத்த பணத்தைத் துறை செலவழிக்கவில்லை என்பது. நல்ல விலைக்கு டெண்டர் முடிந்து மிச்சமாகியும் இருக்கலாம். விடுதிக்குக் கட்டில் வாங்காமலேயே ஆண்டு முடிந்தும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே சொல்தான். அதனால் காரணத்தைப் படிக்காமல் சேமிப்பைப் பாராட்டவும் கூடாது, திட்டவும் கூடாது. மார்ச் மாதக் கடைசியில் பணத்தை 'சரண்டர்' செய்திருந்தால், அந்தத் தேதியையும் பார்க்க வேண்டும். மார்ச் 31 அன்று திருப்பிக் கொடுத்த பணம் வேறு எந்தத் துறைக்கும் அந்த ஆண்டு பயன்பட்டிருக்காது.

இதற்கு எதிர்ப்பக்கம் மிகைச் செலவு. பேரவை கொடுத்ததற்கு மேல் ஒரு துறை செலவழித்துவிட்டால், அரசியலமைப்பின் 205ஆவது பிரிவின்படி அதைப் பேரவை மறுபடியும் முறைப்படுத்த வேண்டும். பணம் போன பிறகு வரும் ஒப்புதல் என்பதால் இதை யாரும் பேசுவதில்லை. ஆனால் பணப்பை யார் கையில் இருக்கிறது என்பதையே இந்தப் பிரிவுதான் சொல்கிறது.

அவையில் விவாதம் நடந்திருக்கும் என்று தாமாகவே நினைத்துக்கொள்வதும் தவறு. காவல்துறைக்கு மானியக் கோரிக்கை எண் 22, நகராட்சி நிர்வாகத்துக்கு 34, பள்ளிக் கல்விக்கு 43 என்று கோட்டையில் துறைதோறும் கோரிக்கை வருகிறது, கொள்கை விளக்கக் குறிப்பு வருகிறது, கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்லி உறுப்பினர்கள் வெட்டுத் தீர்மானம் கொடுக்கிறார்கள். ஆனால் டெல்லியில், நாடாளுமன்றத்தில், விவாத நேரம் முடிந்துவிட்டால் மிச்சமுள்ள கோரிக்கைகளை விவாதமின்றி ஒன்றாக வாக்கெடுப்புக்கு விடுவார்கள். கில்லட்டின் என்று பெயர். 2018இலும் 2023இலும் மக்களவையில் ஒரு அமைச்சகத்தின் கோரிக்கைகூட விவாதிக்கப்படாமல் அத்தனையும் அப்படியே நிறைவேறின. 'நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது' என்ற வரியைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தணிக்கை அறிக்கையைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது

தேனாம்பேட்டையில் ஏஜி-டிஎம்எஸ் மெட்ரோ நிலையத்தில் தினமும் ஏறி இறங்குகிறோம். அந்த 'ஏஜி' மாநிலக் கணக்காயர். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின், அதாவது சிஏஜியின், கீழ் வரும் அலுவலகம் அண்ணா சாலையில் அங்கேதான் இருக்கிறது. நம் மாநிலத்தின் கணக்கு அங்கே தொகுக்கப்படுகிறது.

சிஏஜியின் அறிக்கைகளைப் படிப்பதில் நாம் செய்யும் பெரிய தவறு எது என்பதற்குத் தமிழ்நாட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2010இல் வந்த, 2ஜி அலைக்கற்றை உரிமங்கள் பற்றிய அறிக்கை உத்தேச இழப்பைப் பல வழிகளில் கணக்கிட்டிருந்தது; அந்த மதிப்புகள் 57,666 கோடியில் தொடங்கி 1,76,645 கோடி வரை போயின. டீக்கடையில் நின்றது கடைசி எண் மட்டும், அதுவும் 'எடுத்துக்கொண்ட பணம்' என்ற பொருளில். வேறு விலைக்கு விற்றிருந்தால் அரசுக்கு எவ்வளவு வந்திருக்கும் என்ற மதிப்பீடு அது. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. இரண்டும் ஒரே விவகாரத்தில் நடந்தவை. நடைமுறை சரியா, அரசுக்குப் பண இழப்பா, தனிமனிதர் குற்றவாளியா என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். தணிக்கை முதல் இரண்டைத்தான் கேட்கும்.

ஆகவே ஒரு தணிக்கைப் பத்தியை, உள்ளே இருப்பவர்கள் 'பாரா' என்பார்கள், எடுத்தால் முழுசாகப் படியுங்கள். குற்றச்சாட்டுக்குக் கீழேயே துறை தந்த பதில் இருக்கும், அந்தப் பதிலைத் தணிக்கை ஏன் ஏற்கவில்லை என்பதும் இருக்கும். பத்திரிகைச் செய்தியில் இந்த இரண்டும் பெரும்பாலும் விழுந்துவிடும். என்னைக் கேட்டால், ஒரு பாராவின் உயிரே அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களில்தான் இருக்கிறது.

அறிக்கை வந்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. 2015 டிசம்பர் வெள்ளம் பற்றிய தணிக்கை அறிக்கை 2018 ஜூலையில்தான் பேரவையில் வைக்கப்பட்டது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை தண்ணீர் திறந்துவிட்டதைக் குறிப்பிட்டு, இது மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்று அது சொன்னது. அடையாற்றங்கரையில் பாயும் பாத்திரமும் இழந்தவர்கள் அந்த வாக்கியத்துக்கு இரண்டரை வருடம் காத்திருந்தார்கள். அரசியலமைப்பின் 151ஆவது பிரிவின்படி மாநில அறிக்கை ஆளுநரிடம் போய், அவர் வழியாகப் பேரவைக்கு வர வேண்டும். எத்தனை நாளில் என்று அந்தப் பிரிவில் இல்லை. அதனால் அறிக்கையின் அட்டையில் உள்ள ஆண்டையும் அவையில் வைத்த தேதியையும் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

அவையில் வைத்த பிறகு அது பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும். அரசு நிறுவனங்கள் பற்றியது என்றால் பொது நிறுவனங்கள் குழுவுக்கு. துறைச் செயலாளர் குழு முன்னால் உட்கார்ந்து பாராவுக்குப் பாரா பதில் சொல்ல வேண்டிய இடம் அது. கூட்டம் மூடிய அறையில் நடக்கும்; குழுவின் அறிக்கை அவையில் வைத்தபின் பொதுவுக்கு வரும். குழுவின் பரிந்துரை அரசைக் கட்டாயப்படுத்தாது, ஆனால் என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று அரசு எழுதித் தந்தாக வேண்டும். அந்த நடவடிக்கைக் குறிப்பைத் தேடிப் படிப்பவர்கள் மிகக் குறைவு. குழு கட்சிக்கு அப்பாற்பட்டது என்று கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம். நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவுக்கு 1967 முதல் எதிர்க்கட்சிக்காரர் தலைவராக இருப்பது மரபு. 22 பேர் கொண்ட அந்தக் குழுவே 2ஜி வரைவறிக்கையில் 2011 ஏப்ரலில் கட்சிவாரியாகப் பிளந்து நின்றது.

தவறான கதவைத் தட்டுவது, தவறான கேள்வியைக் கேட்பது

சென்னையில் ஒரே தெருமுனையில் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும், வடிகால் மாநகராட்சியுடையதாக இருக்கும், கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையதாக இருக்கும். மூன்றுக்கும் மூன்று கணக்கு. 200 வார்டு கொண்ட மாநகராட்சியின் கணக்கை முதலில் தணிக்கை செய்வது உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை. 'சிஏஜி ஏன் எங்கள் தெருவைப் பார்க்கவில்லை' என்ற கேள்விக்கு அங்கே பாதி பதில் இருக்கிறது. பேருந்து நிழற்குடையில் பெயர் எழுதியிருக்கிறதே என்று சட்டமன்ற உறுப்பினரிடம் தொகுதி மேம்பாட்டு நிதிக்குக் கணக்குக் கேட்பதும் அப்படித்தான். ஆண்டுக்கு 3 கோடி வரை வேலைகளை அவர் பரிந்துரைக்கலாம். பணத்தைக் கையாள்வதும் வேலையைச் செய்வதும் அதிகாரிகள்.

கேள்வியைத் தவறாகக் கேட்பது நானே செய்த தவறு. எங்கள் தெரு வடிகால் பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினேன். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்று கேள்விகள், மூன்றும் 'ஏன்' என்றே தொடங்கின. ஏன் பாதியில் நிற்கிறது, ஏன் தண்ணீர் வடியவில்லை, ஏன் நடவடிக்கை இல்லை. முப்பது நாள் முடியும் தறுவாயில், கோரியது 'தகவல்' என்ற வரையறைக்குள் வராது என்று ஒரு வரிப் பதில் வந்தது. கோபத்தோடு பெரியவரிடம் காட்டினேன். "அவங்க கையில இருக்கற பேப்பரைக் கேளுப்பா. மனசுல இருக்கறதைக் கேட்டா எப்படித் தருவாங்க?" என்றார்.

இரண்டாம் முறை பணி ஆணையின் நகல், முடித்த வேலையை அளந்து எழுதிவைக்கும் எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், பில் பாஸான தேதி ஆகிய மூன்றை மட்டும் கேட்டேன். சட்டத்தின் 2(ஜே) முதலான எழுத்துகளை நினைவு வைக்க வேண்டியதில்லை; ஆவணத்தை நேரில் பார்க்கவும், வேலை நடந்த இடத்தைப் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளில் மாதிரி எடுக்கவும்கூட அந்தச் சட்டம் உரிமை தருகிறது என்பதை நினைவில் வைத்தால் போதும். நகல் வந்தது. நீளம், ஆழம், கான்கிரீட் கனம் எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தன. அளவெடுத்ததாக எழுதியிருந்த தேதியைப் பார்த்தேன். கைபேசியில் அந்த நாளின் படம் இருந்தது: எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போகும் பக்கத்து வீட்டுப் பையன்.

அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எங்கே போவது என்பதிலும் தவறு செய்யப் பார்த்தோம். சிலர் உடனே வழக்கு என்றார்கள். பேரவையின் மனுக்கள் குழுவை யாரும் யோசிக்கவில்லை. பல நாள் தீராத பொதுப் பிரச்சினைகளைத் தனிநபரும் சங்கமும் நேரடியாக அங்கே எழுதலாம். நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் குழு எடுக்காது. வழக்கை முதலில் போட்டிருந்தால் இந்தக் கதவை நாங்களே சாத்தியிருப்போம். வேலை கேட்பது, பட்டா கேட்பது, அரசு ஊழியர் சொந்தக் குறை எதுவும் அங்கே செல்லாது. ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை.

எங்கள் முதல் வரைவில் வடிகால், தெருவிளக்கு, குப்பை, நாய்த்தொல்லை எல்லாம் இருந்தன. பெரியவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வடிகாலைத் தவிர மற்றதையெல்லாம் சிவப்பு மையால் அடித்தார். எம்-புக் பக்கத்தையும் அந்தப் படத்தையும் இணைத்து, தமிழில் ஐந்து நகல் எடுத்து, 'தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை 600 009' என்று உறையில் எழுதி அனுப்பினோம். ஆறாவது நகல் சங்க அலமாரியில் இருக்கிறது, அனுப்பிய தேதியோடு.