பழைய ஜிப்போ லைட்டர் சேகரிப்பு: வாங்கும் முன் கவிழ்த்துப் பாருங்கள்

பழைய லைட்டர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முகப்பைப் பார்த்தே மயங்கிவிடுகிறார்கள். கப்பல் படம், படைப்பிரிவுச் சின்னம், யாரோ ஒருவருடைய பெயரின் முதலெழுத்துகள் என்று முகப்பில் கண்ணைக் கவர நிறைய இருக்கும். அதையெல்லாம் பிறகு ரசிக்கலாம். கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை கவிழ்த்துப் பார்ப்பது. எந்த ஆண்டில் செய்தது என்று அடிப்பாகம் சொல்லும். அதை வாசிக்கத் தெரிந்துவிட்டால் பாதி ஏமாற்று வேலைகள் உங்களிடம் பலிக்காது.

ரான்சன், டன்ஹில், ஆஸ்திரியாவின் இம்கோ எல்லாமே அருமையான லைட்டர்கள்தான். ஆனாலும் புதிதாகத் தொடங்குகிறவருக்கு, திரவ எரிபொருளில் எரியும் ஜிப்போவைத்தான் சொல்வேன். ஆண்டைக் கண்டுபிடிப்பது எளிது, உதிரிபாகம் கிடைக்கும், பழுது பார்க்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. கேஸ் லைட்டர்களை இப்போதைக்குத் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் காய்ந்து போயிருந்தால் கேஸ் நிற்காது. அதைச் சரிசெய்வது தனி வித்தை.

படி 1: பாகங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

மூடியைத் திறந்து உள்கூட்டை மேலே இழுத்தால் முழுதாக வெளியே வந்துவிடும். அதில் திரி, தீப்பொறிக் கல்லை உரசும் சக்கரம், திரியைச் சுற்றித் துளைகள் போட்ட காற்றுத்தடுப்பு ஆகியவை இருக்கும். உள்கூட்டின் அடியில், எரிபொருளை உறிஞ்சும் பஞ்சை மூடிய ஃபெல்ட் (கம்பளித் துணி போன்றது) துண்டு ஒன்றும், கல்லையும் ஸ்பிரிங்கையும் பிடித்திருக்கும் திருகு ஒன்றும் தெரியும். கீல் வைத்த மூடியோடு இருக்கும் வெளிக்கூடு பெரும்பாலும் பித்தளை, மேலே குரோம் பூச்சு.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் பிராட்ஃபோர்டு ஊரில் ஜார்ஜ் பிளேஸ்டெல் 1932இல் தொடங்கிய நிறுவனம் இது. ஓர் ஆஸ்திரிய லைட்டரின் காற்றுத்தடுப்பை வைத்துக்கொண்டு, ஒரே கையால் திறந்து பற்றவைக்கும்படி கீல் மூடி போட்டார். 1933இல் விற்பனைக்கு வந்தபோது விலை 1.95 டாலர். அடிப்படை அமைப்பு அன்றிலிருந்து அதிகம் மாறவில்லை. இதில் ஒரு வசதியும் உண்டு, ஒரு வில்லங்கமும் உண்டு. வசதி, பழைய வெளிக்கூட்டுக்குப் புது உள்கூடு பொருந்தும். வில்லங்கமும் அதுவேதான், விற்கிறவருக்கும் அது தெரியும்.

படி 2: அடிப்பாகத்தை வாசியுங்கள்

மிகப் பழையவற்றில் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருப்பதாக மட்டும் பொறித்திருக்கும். 1936 மார்ச்சில் காப்புரிமை கிடைத்த பிறகு 2032695 என்ற எண் வந்தது. 1950களில் அது 2517191 ஆனது. அந்தக் காலத்து லைட்டர்களுக்குத் துல்லியமான ஆண்டு கிடையாது. தோராயமாகத்தான் சொல்ல முடியும்.

சுவாரசியம் 1958லிருந்து தொடங்குகிறது. ஜிப்போ பெயருக்கு இரண்டு பக்கமும் நாலு நாலாக எட்டுப் புள்ளிகள் வைத்தார்கள். ஆண்டுக்கு ஒன்றாகப் புள்ளி குறைந்துகொண்டே போய், 1965இல் ஒரே ஒரு புள்ளி மிஞ்சியது. அடுத்த ஆண்டு எட்டு நேர்கோடுகளோடு மறுபடி முதலிலிருந்து. அதன்பின் சாய்கோடுகள். அட்டவணையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இடம், வலம் இரண்டிலும் உள்ள குறிகளை எண்ணி, இப்படிக் கழித்தால் போதும்:

- புள்ளிகள் என்றால் 1966லிருந்து கழியுங்கள்
- நேர்கோடுகள் ( | ) என்றால் 1974லிருந்து
- முன்சாய்வுக் கோடுகள் ( / ) என்றால் 1982லிருந்து
- பின்சாய்வுக் கோடுகள் ( \ ) என்றால் 1990லிருந்து

இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் இரண்டு என ஐந்து நேர்கோடுகள் இருந்தால், 1974 கழித்தல் 5, அதாவது 1969. இது சாதாரண அளவு லைட்டருக்கான கணக்கு. 1956இல் வந்த ஒல்லி மாடலின் தொடக்க ஆண்டுக் குறிகள் வேறு மாதிரி இருக்கும். 1966லிருந்துதான் இரண்டும் ஒத்துப்போகும்.

1986 ஜூலையில் கோடுகளைக் கைவிட்டார்கள். இடப்பக்கம் மாதத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து (ஜனவரிக்கு முதல் எழுத்து, டிசம்பருக்குப் பன்னிரண்டாவது), வலப்பக்கம் ஆண்டுக்கு ரோமன் எண். ரோமன் எண்ணோடு 1984ஐக் கூட்டினால் ஆண்டு வந்துவிடும். ரோமன் பதினாறு 2000ஆம் ஆண்டு. 2001லிருந்து ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் நேராகவே இருக்கிறது. இதற்குக் கணக்கே வேண்டாம்.

ஜிப்போ என்ற பெயரின் எழுத்து வடிவத்தையும் பாருங்கள். 1950களின் நடுப்பகுதிவரை கட்டையான அச்செழுத்து. பிறகு கையெழுத்து போன்ற சாய்வெழுத்து. பெயருக்குள் சுடர் படம் வந்தது 1980 வாக்கில். எட்டுப் புள்ளியும் சுடரும் ஒரே அடிப்பாகத்தில் இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. 1941 மாடல் போன்ற பழைய வடிவங்களை நிறுவனமே இப்போது மறுபடி செய்து விற்கிறது. அவற்றில் பழைய காப்புரிமை எண்ணும் இருக்கும். மோசடியில்லை, முறையான மறுபதிப்புதான். அதையே போர்க்காலத்துச் சரக்கு என்று யாராவது விலை சொன்னால்தான் மோசடி.

படி 3: வியட்நாம் லைட்டர் என்றால் ஒரு நிமிடம் நில்லுங்கள்

புதிதாக வருகிறவர்கள் முதலில் விழும் பள்ளம் இதுதான். வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் தங்கள் ஜிப்போவில் ஊர்ப் பெயர், ஆண்டு, கிண்டல் வாசகம், கெட்ட வார்த்தை எல்லாம் பொறித்து வைத்துக்கொண்டார்கள். அவற்றுக்கு நல்ல கிராக்கி. கிராக்கி இருக்கும் இடத்தில் சரக்கும் முளைக்கும். ஹோ சி மின் நகரின் தான் சின் சந்தையில் இப்படிப்பட்ட லைட்டர்கள் குவியலாகக் கிடைக்கும். அதில் பெரும்பகுதி பிற்பாடு செய்தவை.

இங்கேதான் கழித்தல் கணக்கு கைகொடுக்கும். முகப்பில் "டா நாங் 68-69" என்று இருக்கிறது, அடியில் முன்சாய்வுக் கோடுகள் என்றால், அந்த லைட்டர் 1974இலோ அதற்குப் பிறகோ செய்தது. அமெரிக்கப் போர்ப்படைகள் 1973 மார்ச்சிலேயே கிளம்பிவிட்டன. தலைகீழாக இருந்தால் தவறில்லை: 1967இல் செய்ததில் 1969 என்று பொறித்திருப்பது இயல்பு.

கணக்கு சரியாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். உண்மையான 1960களின் லைட்டரை வாங்கிப் புதிதாகப் பொறித்து விற்பவர்களும் உண்டு. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பல வருடம் சட்டைப்பையில் கிடந்த லைட்டரில் தேய்மானம் எழுத்தின் விளிம்பிலும் இருக்கும். உடம்பெல்லாம் தேய்ந்து குரோம் போயிருக்க, எழுத்து மட்டும் நேற்று வெட்டியதுபோல் கூர்மையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். என்னைக் கேட்டால் முதல் பத்து லைட்டர்களில் வியட்நாமும் வேண்டாம், இரண்டாம் உலகப் போரின் கறுப்புப் பூச்சு லைட்டரும் வேண்டாம். அந்தக் கறுப்பு வகையை, பித்தளைத் தட்டுப்பாட்டால் எஃகில் செய்து, துருப்பிடிக்காமல் இருக்க சொரசொரப்பான பூச்சு கொடுத்து ராணுவத்துக்கு அனுப்பினார்கள். பூச்சை மறுபடி அடிப்பது சுலபம் என்பதால் பயம்.

படி 4: வாங்கும்போது சோதியுங்கள்

முதலில் சொந்த வீட்டு அலமாரியைத் தேடுங்கள். சிங்கப்பூர், மலேசியா போய்வந்த தாத்தாவோ பெரியப்பாவோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். இணையத்தில் வாங்குவதானால் அடிப்பாகம், வெளியே எடுத்த உள்கூடு, கீல், மூடிய நிலையில் முகப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் படம் கேளுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

கையில் கிடைத்தால் மூடியை லேசாக இடவலமாக ஆட்டுங்கள். சிறு ஆட்டம் பரவாயில்லை, தொளதொளவென்று இருக்கக் கூடாது. மூடினால் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே கோட்டில் சேர வேண்டும். கீலில் ஈயம் வைத்து ஒட்டிய தடம் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். உள்கூடு வெளிக்கூட்டின் காலத்தோடு ஒத்துப்போகிறதா என்பதையும் பாருங்கள்; 1962 கூட்டுக்குள் 2010 உள்கூடு இருந்தால் பாதி லைட்டருக்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.

படி 5: மறுபடி எரிய வையுங்கள்

பழைய லைட்டர் எரியாததற்குப் பெரும்பாலும் காரணம் கல். லைட்டர் கல் என்பது இரும்பும் சீரியம் வகை உலோகங்களும் சேர்ந்த கலவை. ஈரக்காற்றில் அது உப்பி, பொடிந்து, குழாய்க்குள்ளேயே இறுகிவிடும். கடலோர ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

அடித் திருகைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, உள்கூட்டை மேசையில் மெதுவாகத் தட்டுங்கள். கல் விழாவிட்டால், குழாயைவிடச் சற்று மெல்லிய துளையிடும் ஊசியை விரலால் திருகித் திருகிப் பொடியைச் சுரண்டி எடுங்கள். மெஷினில் மாட்டிச் சுற்ற வேண்டாம், குழாயும் சக்கரமும் போய்விடும். புதுக் கல் போட்டு, ஸ்பிரிங்கை வைத்துத் திருகை இறுக்குங்கள். திரியின் நுனி கருகியிருந்தால் சாமணத்தால் சற்று மேலே இழுத்து வெட்டிவிடுங்கள்.

ஃபெல்ட்டைத் தூக்கி, பஞ்சு ஈரமாகும் அளவுக்கு லைட்டர் திரவம் விடுங்கள்; வழிய விடாதீர்கள். வண்டிக்குப் போடும் பெட்ரோல் வேண்டாம், நாற்றமும் புகையும் தாங்காது. கையில் பட்டதைத் துடைத்து, திரவப் புட்டியைத் தள்ளி வைத்துவிட்டுப் பற்றவையுங்கள்.

ஜிப்போ நிறுவனம் எந்தக் காலத்து லைட்டரையும் இலவசமாகப் பழுது பார்த்துத் தருகிறது. பயன்படுத்துகிறவருக்கு நல்ல ஏற்பாடு. சேகரிக்கிறவர்கள் தயங்குவார்கள், பழைய பாகம் போய்ப் புதுப் பாகம் வந்துவிடும்.

படி 6: துடைப்பதும் வைப்பதும்

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் வெளிக்கூட்டுக்குப் போதும். பித்தளை பாலிஷ் போட்டுப் பளபளக்க வைத்தால் மீதமிருக்கும் குரோமும் பொறிப்பின் கூர்மையும் போகும், விலையும் போகும். காட்சிக்கு மட்டும் வைப்பதானால் கல்லைக் கழற்றிவிட்டு, எரிபொருள் இல்லாமல் வையுங்கள். கீழே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று போடுங்கள்.

வெளியூரில் வாங்கினால் விமானத்தில் கொண்டுவர நினைக்காதீர்கள். இந்திய விமான நிலையச் சோதனையில் லைட்டரைப் பிடுங்கிக்கொள்வார்கள். ரயிலில் வருபவர்கள் எரிபொருளை முழுக்க ஆவியாக விட்ட பிறகு பையில் வையுங்கள்.