பேட்ச்மேட்ஸ் சேர்ந்து எஞ்சினியரிங் பசங்களுக்கு ஒரு அவார்ட் ஆரம்பிக்கிறது எப்படி? தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருந்து ஒரு செய்முறை

ரீயூனியன் பேச்சு வந்தாலே வாட்ஸாப் குரூப்ல யாராவது ஒருத்தர் "படிக்கிற பசங்களுக்கு ஏதாச்சும் செய்யலாமே"ன்னு போடுவாங்க, எல்லாரும் கும்பிடு எமோஜி போடுவாங்க, அதுக்கப்புறம் பிறந்தநாள் வாழ்த்து வந்து அந்தப் பேச்சு மேல போயிடும். அதை நிஜமா நடத்திக் காட்டணும்னு நினைக்கிறவங்களுக்குத்தான் இது. நம்ம ஊருக்கு இது புதுசும் இல்ல. ஒப்பந்தக் கூலியா கப்பல் ஏறி வந்த எம்.எல்.சுல்தான் கொடுத்த பணத்தாலதான் அவர் பேர்ல இங்க ஒரு டெக்னிக்கல் காலேஜ் வந்துச்சு, அதுதான் 2002-ல இன்னொரு டெக்னிக்கானோட (தொழில்நுட்பக் கல்லூரியோட) சேர்ந்து இன்னைக்கு டர்பன் யுனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜியா இருக்கு.

முதல் படி, அவார்ட் யாருக்குன்னு ஒரே பக்கத்துல எழுதுங்க. நல்லா படிக்கணும், மத்தவங்களுக்கும் உழைக்கணும், ரெண்டும் வேணும்னு எல்லாரும் ஈஸியா ஒத்துக்குவாங்க. ஆனா கடைசியில ரெண்டு பேர் பேப்பர் மேசை மேல இருக்கும்போது கண்ணு தன்னால மார்க் மேலதான் போகும், ஏன்னா அது நம்பரா இருக்கு, சண்டை வராது. அதனால என் கருத்து இதுதான், மார்க்கை வாசல்ல நிறுத்திடுங்க. சராசரி 70-க்கு மேல இருக்கணும், எல்லா மாடியூலும் முதல் தடவையே பாஸ் ஆகியிருக்கணும், அவ்வளவுதான், உள்ள வந்த பிறகு 71-ஐயும் 84-ஐயும் ஒப்பிடவே கூடாது, அதுக்கப்புறம் சேவையை மட்டும் பாருங்க. 84 வாங்குற பிள்ளையைத் தேடி கம்பெனி பர்சரியும் (படிப்புச் செலவுக்கான உதவிப் பணம்) மெடலும் எப்படியும் வரும். சனிக்கிழமை பூரா டர்பன்ல சாட்ஸ்வொர்த் பக்கம் கோயில் ஹால்ல மாட்ரிக் (பள்ளிக் கடைசி வருஷம்) பசங்களுக்கு கணக்கு சொல்லிக் கொடுத்துட்டு, ராத்திரி ஃப்ளூயிட்ஸ் பாடம் படிச்சு 72 வாங்குற பிள்ளையைத் தேடி யாரும் வர்றதில்ல.

அடுத்து பணம். ரெண்டு வழி இருக்கு. வருஷா வருஷம் வசூல் பண்ணி அப்படியே கொடுத்துடறது ஒண்ணு. 25 பேர் மாசம் 150 ரேண்ட் (தென்னாப்பிரிக்கப் பணம்) பேங்க்ல தானா கழியிற மாதிரி டெபிட் ஆர்டர் போட்டா வருஷத்துக்கு 45,000 ரேண்ட் வரும், அதுல 20,000 வீதம் ரெண்டு பேருக்குக் கொடுத்துட்டு மிச்சத்தை அடுத்த வருஷத்துக்கு வைக்கலாம். இன்னொண்ணு, முதலைத் தொடாம வர்ற வருமானத்துல மட்டும் கொடுக்கிற எண்டோமென்ட். வருஷத்துக்கு 5 சதவீதம் எடுக்கிறதா வச்சுக்கிட்டா 25,000 ரேண்ட் கொடுக்கவே 5 லட்சம் ரேண்ட் முதல் வேணும், அதுக்கு மேல பணவீக்கம் வேற. புதுசா ஆரம்பிக்கிறவங்க முதல் வழியிலயே போங்க, அஞ்சு வருஷத்துக்காவது கட்டுவோம்னு எல்லார்கிட்டயும் எழுத்துல வாங்கிடுங்க.

பணத்தை ஒருத்தர் சொந்த அக்கவுண்ட்ல மட்டும் சேர்க்காதீங்க, எவ்வளவு நல்ல மனுஷரா இருந்தாலும் வேண்டாம். தனியா டிரஸ்ட் ஆரம்பிக்கிற அலைச்சலும் தேவையில்ல. யுனிவர்சிட்டியோட அலும்னி ஆபீஸ் இல்ல பவுண்டேஷனுக்கு எழுதி, அவங்க வழியாவே கொடுத்தா செக்‌ஷன் 18ஏ ரசீது கிடைக்கும், வரிக்குரிய வருமானத்துல 10 சதவீதம் வரைக்கும் கழிச்சுக்கலாம். 31 சதவீத வரி கட்டுறவர் வருஷத்துக்கு 1,800 ரேண்ட் கொடுத்தா 558 ரேண்ட் வரி குறையும். மாணவர் கையில நேரா கொடுத்தா இந்தக் கழிவு இல்ல. பிப்ரவரி கடைசியில வரி வருஷம் முடியுது, அதுக்குள்ள போட்டுடுங்க.

இப்போ கொஞ்சம் மனசு வச்சு கேளுங்க. "நம்ம தமிழ்ப் பிள்ளைங்களுக்கு மட்டும்"னு குரூப்ல யாராவது ஒரு அண்ணன் கண்டிப்பா சொல்வார், ஆசையிலதான் சொல்வார். வேண்டாம். டர்பன் வெள்ளைக்காரப் பெண்களுக்கு மட்டும்னு உயில்ல எழுதி வச்ச எம்மா ஸ்மித் ஃபண்ட் கேஸ்ல 2010-ல சுப்ரீம் கோர்ட் ஆஃப் அப்பீல் அந்த இன நிபந்தனையையே எடுத்துடுச்சு. கோர்ட்டை விடுங்க, நம்ம தாத்தா ஆயாவை இனம் பார்த்து வெளியில நிறுத்தின நாடு இது, அந்த மாதிரி நிபந்தனையை நம்ம கையால நாமே எழுதலாமா?

அதுக்குப் பதிலா தேவையைப் பாருங்க. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3,50,000 ரேண்டுக்குள்ள இருந்தா என்எஸ்ஃபாஸ்னு அரசோட மாணவர் நிதி உதவி இருக்கு. 3,50,000-ல இருந்து 6,00,000 வரைக்கும் இருக்கிற குடும்பத்தைத்தான் 'மிஸ்ஸிங் மிடில்'னு சொல்றாங்க, ஃபீஸும் கட்ட முடியாது, என்எஸ்ஃபாஸ் பர்சரியும் வராது, நாலு வருஷம் முடிச்சும் பாக்கி இருக்கிறதால சர்டிஃபிகேட் கைக்கு வராம நிக்கிற பிள்ளைங்க இருக்காங்க. என்எஸ்ஃபாஸ் வாங்குற பிள்ளைக்குக் கொடுக்கிறதா இருந்தா, இந்தப் பணத்தால அந்த உதவி குறையுமான்னு ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீஸ்ல முன்னாடியே கேட்டுடுங்க.

ஃபார்ம்தான் உயிர். "உங்கள் சமூக சேவையை விவரிக்கவும்"னு கேட்டீங்கன்னா கிளப் பேரும் பதவியும் வரிசையா வரும், ஒண்ணும் தெரியாது. இப்படிக் கேளுங்க: நீ செஞ்ச ஒரே ஒரு வேலையை மட்டும் சொல்லு. யாருக்காகச் செஞ்ச? எத்தனை வாரம்? நடுவுல எது சரியா வரல, அப்போ என்ன பண்ணின? நீ போன பிறகும் அது ஓடுதா? அந்த ஆளுங்கள்ல யாருக்கு நாங்க போன் பண்ணலாம், அவங்க சம்மதிச்சாங்களா? 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனுக்கு வடக்கே டோங்காட் பக்கம் மாசக்கணக்கா தண்ணி வரல. அப்போ "வெள்ள நிவாரணத்தில் பங்கேற்றேன்"னு ஒரு பிள்ளை எழுதலாம். இன்னொரு பிள்ளை, பக்கத்து கிரெஷ்ஷுக்கு (குழந்தைகள் காப்பகத்துக்கு) வந்த ஜோஜோ பிளாஸ்டிக் தண்ணி டேங்க்கை மண்ணு மேலயே வச்சிருந்தாங்க, நிறைஞ்சா சாயும்னு தெரிஞ்சு பிளாக் அடுக்கி மட்டம் பார்த்து மேடை கட்டினோம், குழாயை குழந்தைங்க கை எட்டுற உயரத்துல வச்சோம்னு எழுதலாம். ரெண்டாவது பதில்ல எஞ்சினியரும் இருக்கார், மனுஷனும் இருக்கார். போன் பண்ணும்போது லெக்சரரை விட அந்த கிரெஷ் டீச்சரை முதல்ல கூப்பிடுங்க.

சம்பளத்துக்கு வேலை பார்க்கிற பிள்ளையையும், வீட்ல பாட்டியையும் தம்பியையும் பார்த்துக்கிற பிள்ளையையும் தள்ளாதீங்க, கிளப்ல சேர நேரம் இல்லாதவங்க அவங்க, வீட்ல செய்யறதும் சேவைதான்னு ஃபார்ம்லயே போட்டுடுங்க.

தேர்வுக்கு மூணு பேர் போதும்: ரெண்டு அலும்னி, ஒரு டிப்பார்ட்மென்ட் ஆள். சொந்தக்காரப் பிள்ளை அப்ளை பண்ணியிருந்தா அந்த வருஷம் அவர் உட்காரக் கூடாது. ஐடி நம்பர், மார்க் ஷீட், வருமானச் சான்று எதையும் வாட்ஸாப் குரூப்ல போடாதீங்க, தனிப்பட்ட தகவலைப் பாதுகாக்கிற போப்பியா சட்டம் இருக்கு.

காலம் ரொம்ப முக்கியம். செப்டம்பர்ல ஃபார்ம் விடுங்க, நவம்பர் பரீட்சை ரிசல்ட் வந்ததும் மார்க் சரிபாருங்க, ஜனவரிக்குள்ள முடிவு சொல்லிடுங்க. ரெஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னாடி பணம் ஃபீஸ் அக்கவுண்டுக்குப் போகணும், மார்ச்ல வந்தா பாதிப் பயன்தான். கிடைக்காதவங்களுக்கும் ரெண்டு வரி எழுதி, அவங்க செஞ்ச வேலையைப் பேர் சொல்லிப் பாராட்டி அனுப்புங்க, அடுத்த வருஷம் திரும்ப அப்ளை பண்ணலாம்னும் அதுலயே சொல்லிடுங்க.