மேகக் கணிமை வேலைக்குத் தேவையான அனுபவத்தை வேலைக்கு முன்பே பெறுவது எப்படி?

மேகக் கணிமைப் (இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களையும் சேவைகளையும் கையாளும்) பணிக்கான விளம்பரங்களில் பத்துப் பன்னிரண்டு கருவிகளின் பெயர்கள் அடுக்கப்பட்டிருக்கும். அவை அனைத்தையும் கற்று முடித்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும் என்று எண்ணுவது வீண் தயக்கம். தொடக்கநிலைப் பணிக்கு ஆள் எடுப்பவர்கள் முதன்மையாக அறிய விரும்புவது, ஒன்றை முழுமையாக நிறுவி, அது நின்றுபோனால் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கம் உங்களுக்கு உண்டா என்பதையே.

அதற்கு அடிப்படை லினக்சும் வலையமைப்பும். 'சர்வர் ஓடுகிறது, ஆனால் பிரவுசரில் தளம் திறக்கவில்லை, எங்கிருந்து தொடங்குவீர்கள்?' என்ற வகைக் கேள்வியை நேர்காணலில் எதிர்பார்க்கலாம். தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டி.என்.எஸ். சரியான முகவரியைத் தருகிறதா, ரூட் டேபிளில் (தரவு செல்லும் வழிகளின் பட்டியலில்) இணையத்துக்கான வாசலான இன்டர்நெட் கேட்வேக்கு வழி இருக்கிறதா, செக்யூரிட்டி குரூப்பில் (சர்வருக்கான அனுமதி விதிகளில்) பாதுகாப்பான வலைத்தள இணைப்புக்கான 443ஆம் போர்ட் திறந்திருக்கிறதா, சர்வருக்குள் அந்தப் போர்ட்டில் ஏதேனும் மென்பொருள் உண்மையிலேயே இயங்குகிறதா என்று வரிசையாகச் சொல்லத் தெரிந்தவருக்கு, ஐம்பது சேவைகளின் பெயர்களை ஒப்பிப்பவரைவிட மதிப்பு அதிகம். அமேசானின் மேகக் கணிமைத் தளமான ஏடபிள்யூஎஸ்ஸில், உள்ளே அனுமதித்த இணைப்புக்கான பதிலைச் செக்யூரிட்டி குரூப் தானாகவே வெளியே விடும், சப்நெட்டுக்கு (வலையமைப்பின் ஒரு பிரிவுக்கு) உரிய அனுமதி விதிகளான நெட்வொர்க் ஏ.சி.எல். விடாது, பதிலுக்கும் தனி விதி எழுத வேண்டும். அந்த விதியை ஒருமுறை நீக்கிவிட்டு என்ன நேர்கிறது என்று பாருங்கள். பிறகு மனப்பாடம் தேவைப்படாது.

ஏடபிள்யூஎஸ், மைக்ரோசாஃப்ட் அஷ்யூர், கூகுள் கிளவுட் மூன்றில், நீங்கள் வேலை தேடும் ஊரின் விளம்பரங்களில் மிகுதியாகக் காணப்படும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குத் தொடங்கியதும் எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் (முதன்மை) கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பை இட்டு, அன்றாட வேலைக்குக் குறைந்த அனுமதிகளுடன் தனிப் பயனரை உருவாக்கி, செலவு எச்சரிக்கையையும் அமைத்துவிடுங்கள். (எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்புமே தவிர, செலவைத் தானாக நிறுத்தாது.)

அடுத்து ஒரு சிறிய வலைச் செயலியைப் இணையத்திலிருந்து அணுகக்கூடிய பொதுச் சப்நெட்டிலும், அதன் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை இணையத்திலிருந்து நேரடியாக அணுக முடியாத தனிச் சப்நெட்டிலும் வைத்து, 5432ஆம் போர்ட்டைச் செயலிக்கு மட்டும் திறந்துவிடுங்கள். முதலில் கையால் அமைத்ததை முழுவதும் அழித்துவிட்டு, அதையே டெராஃபார்ம் (அமைப்புகளைக் குறியீடாக எழுதி உருவாக்கும் கருவி) கோப்புகளாக எழுதிக் கிட்டில் (Git, கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) சேமியுங்கள். அணுகல் சாவிகள் மட்டும் அதற்குள் போகவே கூடாது. காப்புப்பிரதியிலிருந்து தரவுத்தளத்தை மீட்டு, எவ்வளவு நேரம் ஆயிற்று என்றும் குறித்து வையுங்கள்; பயிற்சித் திட்டங்களில் பெரும்பாலோர் விட்டுவிடும் பகுதி இதுதான். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் நீக்கிவிட வேண்டும், ஏனெனில் தனிச் சப்நெட்டிலிருந்து இணையத்துக்குச் செல்ல வழிதரும் நேட் கேட்வே சும்மா இருந்தாலும் மணிக்கணக்கில் கட்டணம் ஏறும். 2024 பிப்ரவரி முதல் ஏடபிள்யூஎஸ் பொது ஐபிவி4 முகவரிகளுக்கும் கட்டணம் வாங்குகிறது. பல கன்டெய்னர்களை ஒருங்கே நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸ் பிறகு வரட்டும். முதலில், செயலியை அதற்குத் தேவையானவற்றோடு கன்டெய்னர் என்ற ஒரே பொதியாக்கி இயக்கும் டாக்கர் போதும்.

சான்றிதழ் விண்ணப்பத்தைப் பார்க்க வைக்கும், அதற்கு மேல் உதவாது. எடுப்பதென்றால் 130 நிமிடங்களில் 65 கேள்விகள் கொண்ட ஏடபிள்யூஎஸ் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வை, மேற்சொன்ன பயிற்சிக்குப் பிறகு எழுதுங்கள். அந்தச் சான்றிதழ் 3 ஆண்டுகள் செல்லும்.

விண்ணப்பத்தில் 'ஏடபிள்யூஎஸ் தெரியும்' என்று எழுதுவதற்குப் பதிலாக, எதை நிறுவினீர்கள், எது பழுதானது, எப்படிச் சரிசெய்தீர்கள், மாதச் செலவு எவ்வளவு என்று எழுதிக் கிட் முகவரியையும் தாருங்கள். ஹெல்ப்டெஸ்க்கிலோ சர்வர் பராமரிப்பிலோ இருந்தவர்கள் அந்த ஆண்டுகளை மறைக்க வேண்டியதில்லை. பயனர் அனுமதிகளைக் கையாண்டதும், நள்ளிரவில் நின்ற சர்வரை மீட்டதும் இந்தப் பணிக்கு நேரடியாகப் பொருந்தும் அனுபவமே.