காமிக்ஸும் அதன் படமும்: கல்லூரிக் கட்டுரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூருவில் ஊடகவியலும் இலக்கியமும் படிக்கும் தமிழ் மாணவர்களுக்குக் காமிக்ஸ் பற்றிக் கட்டுரை எழுதப் பொருளுக்குப் பஞ்சமில்லை. பல வீடுகளில் அப்பாவோ மாமாவோ சேர்த்துவைத்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் கட்டு இருக்கும். சர்ச் ஸ்ட்ரீட்டின் பழைய புத்தகக் கடைகளில் ஆங்கிலப் பதிப்புகள் கிடைக்கும். படங்களோ கைபேசியிலேயே இருக்கின்றன. இவ்வளவு இருந்தும் பெரும்பாலான கட்டுரைகள் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. “புத்தகத்தில் இது இருந்தது, படத்தில் இல்லை” என்று இருபது வரிப் பட்டியல் போட்டு, கடைசியில் “ஆகவே புத்தகமே சிறந்தது” என்று முடித்துவிடுகிறார்கள். அதில் பட்டியல்தான் இருக்கிறது, ஆய்வு இல்லை.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ‘ஏன்’ என்று கேட்க வேண்டும். 2011இல் வந்த டின்டின் படத்தைப் பாருங்கள். டின்டினைப் படைத்த எர்ஜேயின் மூன்று புத்தகங்களை அது ஒன்றாகப் பின்னுகிறது. மூலத்தில் சக்காரின் வெறும் சேகரிப்பாளர். குற்றவாளிகள் பேர்ட் சகோதரர்கள். படத்திலோ சக்காரின்தான் வில்லன். யூனிகார்ன் கப்பல் கதையோடு நிறுத்தாமல், தங்கக் கொடுக்குகள் கொண்ட நண்டின் கதையையும் ஏன் இழுத்து வந்தார்கள்? டின்டினும் கேப்டன் ஹாடாக்கும் முதன்முதலாகச் சந்திப்பது அந்த நண்டுக் கதையில்தான். யூனிகார்ன் கதை தொடங்கும்போதே இருவரும் பழகியவர்கள். ஹாடாக்கை அறியாத பார்வையாளருக்கு அந்த நட்பு எப்படிப் பிறந்தது என்று காட்டாமல் அவருடைய முன்னோர் கதைக்குள் போக முடியாது. புதையல் தேடும் பகுதியில் எர்ஜே எதிரிகளை ஏறக்குறைய ஒதுக்கியே வைத்தார். முழுநீளப் படத்துக்குக் கடைசிவரை துரத்தும் ஒருவர் தேவைப்பட்டார். இந்த இரண்டு காரணங்களையும் எழுதினாலே, பட்டியலில் பத்து வரிகளுக்குத் தனியாக விளக்கம் தேவைப்படாது.

இதைவிட ஆழமான தவறு, காலத்தைக் கவனிக்காமல் கதையை மட்டும் ஒப்பிடுவது. காமிக்ஸ் பக்கத்தில் முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் கண்ணில் படும். எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதை வாசகரே முடிவு செய்கிறார். படத்தில் அந்த முடிவு எடிட்டரின் கையில். வாட்ச்மென் என்ற ஆங்கிலக் காமிக்ஸ் (1986–87, பன்னிரண்டு இதழ்கள்) இதைக் கற்றுக்கொள்ள மிகச் சிறந்த பாடநூல். அதன் பக்கங்கள் பெரும்பாலும் ஒன்பது கட்டச் சட்டகத்தில் நிற்கின்றன. ஐந்தாம் அத்தியாயம் கண்ணாடி பிம்பம்போல அமைக்கப்பட்டது: முதல் பக்கத்தின் கட்ட அமைப்பு கடைசிப் பக்கத்தில் திரும்புகிறது, நடுவில் 14, 15ஆம் பக்கங்கள் ஒன்றுக்கொன்று எதிரொளிக்கின்றன. புத்தகத்தை நடுவில் விரித்து, விரலால் முன்னும் பின்னும் புரட்டினால்தான் இந்த அழகு தெரியும். ஓடும் படத்துக்கு அப்படி ஒரு ‘நடுப்பக்கம்’ கிடையாது. ஆகவே வாட்ச்மெனின் 2009 திரைப்படம் இதைத் “தவறவிட்டது” என்று எழுதுவது நியாயமில்லை. நான்காம் அத்தியாயத்தை எடுங்கள். கதையின் பாத்திரமான டாக்டர் மன்ஹாட்டன் செவ்வாய்க் கிரகத்தில் ஒரு புகைப்படத்தோடு இருக்கிறார். கடந்ததும் வரப்போவதும் அவருக்கு ஒன்றாகவே நடக்கின்றன. காமிக்ஸ் பக்கத்தில் பல ஆண்டுகள் அடுத்தடுத்த கட்டங்களில் நிற்கின்றன. படம் அதையே குரலாலும் இசையாலும் கோக்கிறது. இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று எழுதுங்கள்; கட்டுரை அங்கேதான் உயிர் பெறும்.

திரையைக் கட்டங்களாகப் பிரித்துவிட்டாலே காமிக்ஸ் ஆகிவிடும் என்று நம்புவதும் தவறு. 2003இன் ஹல்க் படத்தில் இந்த உத்தி நிறைய வரும். பல இடங்களில் அங்கே பிரிந்த திரைகள் ஒரே கணத்தைப் பல கோணங்களில் காட்டுகின்றன. காமிக்ஸில் அடுத்தடுத்த கட்டங்கள் பெரும்பாலும் வெவ்வேறு கணங்கள். நடுவில் உள்ள வெள்ளை இடைவெளியில் நடந்ததை வாசகர் மனதில் நிரப்பிக்கொள்கிறார். 2018இல் வந்த ஸ்பைடர்-வெர்ஸ் அனிமேஷன் படம் வேறு வழியில் போகிறது. காட்டில் வலைவீசித் தாவும் காட்சியில் அனுபவசாலி ஸ்பைடர்-மேன் பீட்டருக்கு நொடிக்கு 24 புதுப் படங்கள். கற்றுக்குட்டி மைல்ஸுக்குப் பெரும்பாலும் 12தான், ஒவ்வொரு படமும் இரண்டு சட்டகம் (ஃபிரேம்) நிற்கும். மைல்ஸின் தடுமாற்றம் அசைவிலேயே தெரிகிறது. கட்டத்தின் ‘நிற்றல்’ திரைக்குள் வந்தது இப்படித்தான். ஆனால் இதை ஓரளவு மெதுவாக ஓட்டிப் பார்த்தால்தான் பிடிபடும்.

பதிப்பைச் சரிபார்க்காமல் எழுதுவது பெங்களூருவில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. பழைய தமிழ்ப் பாக்கெட் இதழ்களில் வண்ணக் கதைகள் கறுப்பு-வெள்ளையாகவும், பக்க அளவுக்கேற்பக் கட்டங்கள் வெட்டி மாற்றப்பட்டும் வந்ததுண்டு. அந்த இதழைக் கையில் வைத்துக்கொண்டு ஓவியரின் வண்ணத்தையும் பக்க அமைப்பையும் மதிப்பிட முடியாது. கதைக்கும் வசனத்துக்கும் அது போதும். ஓவியத்துக்கு மூலப் பதிப்பு வேண்டும். ஜப்பானியக் காமிக்ஸான அகிராவும் அப்படித்தான். ஜப்பானிய மூலம் கறுப்பு-வெள்ளை, வலமிருந்து இடம். 1988 முதல் வந்த முதல் ஆங்கிலப் பதிப்பு வண்ணம் பூசி, பக்கங்களை இடவலம் திருப்பி வெளியிடப்பட்டது. வலதுகை இடதுகையாகிவிட்ட பக்கத்தை வைத்துப் படத்தின் காட்சியமைப்போடு ஒப்பிட்டால் எல்லாம் தலைகீழாகும். இன்னொன்று: அகிரா படம் வந்தது 1988இல், தொடர் முடிந்ததோ 1990இல். இயக்கியவரும் வரைந்தவரும் ஒருவரே, கட்ஸுஹிரோ ஒட்டோமோ. “படம் முடிவை மாற்றிவிட்டது” என்று எழுதும் முன் இந்த ஆண்டுகளைப் பாருங்கள்.

படத்துக்கும் பதிப்பு உண்டு. வாட்ச்மென் திரையரங்கில் 162 நிமிடம், இயக்குநர் பதிப்பு 186, கடற்கொள்ளைக் கப்பல் கதையைச் சேர்த்த நீண்ட பதிப்பு 215. எதைப் பார்த்தீர்கள் என்று முதல் அடிக்குறிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

எழுத்தாளர் பெயரை மட்டும் போடுவது ஓவியருக்குச் செய்யும் அநீதி. வாட்ச்மென் ஆலன் மூருடையது மட்டுமல்ல. டேவ் கிப்பன்ஸ் வரைந்தார், ஜான் ஹிக்கின்ஸ் வண்ணம் தீட்டினார். மூர் எழுதிய வி ஃபார் வெண்டெட்டா காமிக்ஸின் படத்தில் அவர் தன் பெயரை ஏற்க மறுத்ததால், ஓவியர் டேவிட் லாய்டின் பெயர் மட்டுமே வரும். அதைப் பார்த்து “லாய்ட் எழுதிய கதை” என்று எழுதினாலும் பிழைதான்.

முகமூடி (2012), மாவீரன் (2023) போன்ற தமிழ்ப் படங்களைத் தழுவல் பட்டியலில் சேர்க்காதீர்கள். மாவீரனின் நாயகன் சித்திரக்கதை வரைபவன். ஆனால் அந்தப் படம் எந்தக் காமிக்ஸின் திரைவடிவமும் அல்ல. காமிக்ஸின் தாக்கம் வேறு, தழுவல் வேறு.

வேலையைத் தொடங்க மூன்று பக்கத்துக்கு மிகாத ஒரே ஒரு காட்சி போதும். பக்கங்களை நகலெடுத்துக் கட்டங்களுக்கு எண் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் அண்மைக் காட்சியா, நடுத்தரமா, தொலைவா, வசன பலூனில் எத்தனை சொற்கள், முந்தைய கட்டத்திலிருந்து எவ்வளவு காலம் தாண்டியது என்று குறியுங்கள். அதே காட்சியைப் படத்தில் ஷாட் ஷாட்டாக எண்ணி, ஒவ்வொன்றின் நொடிகளையும் எதிரில் எழுதுங்கள். விஎல்சி பிளேயரில் ஆங்கில ‘E’ விசையை அழுத்தினால் ஒவ்வொரு சட்டகமாக நகரும். மேற்கோள் காட்டும்போது “அத்தியாயம் 5, பக்கம் 14, கட்டம் 2” என்றும், படத்துக்கு மணி, நிமிடம், நொடி என்றும் கொடுங்கள். ‘படத்தின் நடுவில்’ என்றால் ஆசிரியரால் தேடிப் பிடிக்க முடியாது. அட்டவணை முடிந்ததும், கட்டம் இருந்தும் எதிரில் ஷாட் இல்லாத வரிகளையும், ஷாட் இருந்தும் கட்டம் இல்லாத வரிகளையும் வட்டமிடுங்கள். கட்டுரையின் முதல் பத்தியை அவற்றில் ஒன்றிலிருந்து தொடங்கலாம்.